அரை அங்குலம்

என் கடையில் சட்டைத் துணி எடுக்க வந்தால், முதல் நாள் வலைக்கடை அண்ணன் ஒரு சாண் துண்டு மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டு போவார். அதை வீட்டில் ஊறப்போட்டு, சவர்க்காரம் போட்டுக் கசக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் ஊறப்போட்டு, ஒரு கிழமை கழித்துக் கொண்டுவந்து என் வெட்டு மேசையில் வைப்பார்.

"சுருங்கேல்ல நானா. சாயமும் போகேல்ல. இனி வெட்டுங்கோ." முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் அவர் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

வேறு ஆளாக இருந்தால் கடையை விட்டு இறங்கச் சொல்லியிருப்பேன். எனக்குப் பொறுமை மட்டு. குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, திருகோணமலைத் துறைமுகத்தடியில் பகல் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்கிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் அவரிடம் கோபிக்க எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. துணித் துண்டை நீட்டும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பரீட்சை பாஸ் பண்ணியது துணியில்லை, அவர்தான் என்பது போல.

குண்டூசி குத்தி உடம்பில் போட்டுப் பார்க்கும் நாள் அதைவிடக் கூத்து. கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். கதிரையில் இருப்பார், எழும்புவார். இரண்டு கையையும் தூக்கி, இல்லாத தட்டிலிருந்து இல்லாத வலையை இழுப்பார். குந்தியிருந்து இல்லாத கயிற்றை முடிச்சுப் போடுவார். பிறகு அந்தக் குண்டூசிகளோடேயே சைக்கிளில் ஏறித் தெரு முடக்கு வரைக்கும் போய்விட்டு வருவார். ஒருமுறை விலாவில் ஊசி ஏறி இரத்தம் கசியக் கசிய வந்து இறங்கினார்.

"கக்கத்தில கொஞ்சம் பிடிக்குது நானா" என்றார். இரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என் கடைக்கு நேர் எதிரேதான் அவருடைய வலைக்கடை. நைலோன் வலை, கயிறு, மிதவை, வலையின் அடியில் கோக்கும் ஈயக்குண்டு. அறுபது வயது, ஒடிசலான உடம்பு. புதுக் கயிறு வந்து இறங்கினால் அதைக் கடைக் கூரை வளையில் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கிப் பார்ப்பார். கடலுக்குப் போகிற பிள்ளைகள் வாசலில் நின்று சிரிப்பார்கள். "அண்ணன், ஊஞ்சல் ஆடினது காணும், கயிறைத் தாங்கோ." அவர் இறங்கி, உள்ளங்கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் கயிற்றை அளப்பார். அவர் விற்ற கயிறு கடலில் அறுந்தது என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை.

என் மூத்த மகளின் கலியாணத்துக்கு அவருக்கும் சொல்லியிருந்தேன். கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பின்னேரம், பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போது, வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்குத்தானே அண்ணன்?" என்றேன் திகைத்துப்போய்.

"ஓம், தெரியும். எந்த பஸ், எங்க இறங்கிறது, எவ்வளவு நடக்கவேணும் எண்டு பார்க்க வந்தனான். நாளைக்குப் பிந்தினால் சரியில்லைத்தானே."

ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிப் போய், மறுநாள் சொன்ன நேரத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் மனைவி பாலர் பாடசாலையில் படிப்பித்தவர். துறைமுகத்தடியில் எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான். பிள்ளைகள் இல்லை. "கலியாணத்துக்கு முதல் என்னைப் பார்க்க எத்தினை தரம் வந்தவர் எண்டு கேளுங்கோ நானா" என்று ரீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

இப்படிப்பட்ட ஒரு மனிதர் ஒத்திகை பார்க்காமல் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஒரு காலையில் அவர் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, மீன் இறக்கும் இடத்தில் இரண்டு பேர் ஒரு தோணித் தொழிலாளியை மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். அடிபட்டவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். சுற்றி நின்ற எல்லாரும் பார்த்தார்கள். பொலிஸ் வந்து கேட்டபோது எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அப்போதுதான் பஸ்ஸால் இறங்கினேன் என்றேன். அது உண்மைதான். ஆனால் உண்மையாக இருந்ததற்கு அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். அவர் மட்டும் கண்டதைச் சொன்னார், கையெழுத்தும் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள், எனக்குத் தெரியாத இரண்டு பேர் அவர் கடைக்கு வந்து பத்து முழம் கயிறு கேட்டார்கள். அவர் வழக்கம்போலத் தொங்கிப் பார்த்து, அளந்து வெட்டிக் கொடுத்தார். அவர்கள் காசை மேசையில் வைத்துவிட்டுக் கயிற்றை எடுக்காமலே திரும்பினார்கள்.

"கயிறு?" என்று கூப்பிட்டிருக்கிறார்.

"வைச்சிருங்கோ அண்ணன். உங்களுக்குத்தான் தேவைப்படும்."

அந்தக் கயிற்றை அவர் விற்கவில்லை. சுற்றி, ஆணியில் மாட்டி வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏன் அண்ணன், சரியாத் தெரியல்ல எண்டு சொல்லிட்டா முடிஞ்சிது. ஆரு உங்களக் குறை சொல்லப் போறாங்க?" என்றேன்.

"அதையும் சொல்லிப் பார்த்தனான் நானா."

"ஆரிட்ட?"

"வீட்டில, கண்ணாடிக்கு முன்னால நிண்டு. 'நான் காணேல்ல ஐயா' எண்டு ஒரு பத்துத் தரம் சொல்லிப் பார்த்தன். பொருந்துதில்லை. கழுத்தில பிடிக்குது."

பிறகு அவர் தன் பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசன்ஸ் கேட்டு விண்ணப்பம் போட்டார். வலைக்கடைக்காரருக்குத் துப்பாக்கியா என்று நான் வாயைப் பிளந்தேன். லைசன்ஸ் வருமோ வராதோ, அதற்கு முன்பே எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று அவர் தேடத் தொடங்கிவிட்டார். அதற்காகவே கொழும்புக்குப் போய், அனுமதியோடு விற்கும் கடையொன்றில் அரை நாள் நின்று விசாரித்துவிட்டு வந்தார். கொப்பி ஒன்றில் நீளம், தடிப்பு, நிறை, விலை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். ரீச்சருடைய பழைய கொப்பி அது. முன்பக்கத்தில் பிள்ளைகளுக்காகக் கீறிய வாத்தும் முயலும் இருந்தன.

"மூண்டு விசயம் நானா" என்று விரலை மடக்கினார். "என்ர கைக்கு எட்டுற விலையாய் இருக்கவேணும். சின்னதாய் இருக்கவேணும். நான் அதை வைச்சிருக்கிறன் எண்டு ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது."

"தெரிஞ்சாத்தானே அண்ணன் பயப்படுவானுகள்?"

"இல்லை. தெரிஞ்சால் அவங்களும் ஒண்டோட வருவாங்கள். தெரியாட்டில் வெறுங்கையோடதான் வருவாங்கள். வெறுங்கையோட வாறவனை வெருட்டி அனுப்பலாம். நான் ஒருத்தரையும் சுடப்போறேல்ல. வெருட்ட மட்டும்தான்."

இந்தப் பேச்சை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது சொல் சொல்லாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு கிழமையில் கடதாசிப் பை ஒன்றோடு வந்தார். உள்ளே மூன்று மரத் துப்பாக்கிகள். கொப்பியில் இருந்த அளவைக் கொடுத்து, தோணி கட்டும் ஓடாவியாரிடம் வேப்பம் பலகையில் செதுக்குவித்திருந்தார். நிறைக்காக உள்ளே துளைத்து, தன் கடை ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டு, மெழுகால் அடைத்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கள்ளன் பொலிஸ் விளையாடும் வயதா அவருக்கு?

என் கடைக் கதவைச் சாத்திவிட்டு மூன்றையும் கட்டிப் பார்த்தோம். எங்கள் வியாபாரிகள் காசு வைக்கச் சாரத்துக்கு மேல் அகலப் பட்டி கட்டுவார்களே, அந்த மாதிரிப் பட்டியொன்றில் வலப்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பெரிய மரம்தான் மூன்றிலும் விலை குறைந்த துப்பாக்கியின் அச்சு. அதைச் செருகிக்கொண்டு கதிரையில் இருந்தார். அது விலாவில் இடித்து, பட்டியைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. ஆகச் சின்னது அவர் உள்ளங்கைக்குள் அடங்கியது. குந்தினார், கையைத் தூக்கினார், சைக்கிள் ஓடுவது போலக் காலை ஆட்டினார். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"இது நல்லம்" என்றேன்.

"நல்லம்தான். கடையை வித்தால் வாங்கலாம்."

மூன்றாவது நடுத்தரம். ஒருவர் பாவித்துக் கொடுத்த பழைய துப்பாக்கி, விலையும் கைக்கு அடக்கம். ஆனால் பிடி கொஞ்சம் நீளம். குனிந்தாலும் கையை உயர்த்தினாலும் பிடியின் மூலை சட்டையைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதையே திருப்பித் திருப்பிக் கட்டிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"இதைத்தான் என்னால வாங்க ஏலும் நானா. மிச்சத்தை நீங்கள்தான் செய்யவேணும். சட்டையில மறையுங்கோ."

செய்யலாம் என்றேன். எனக்கு அது பெரிய வேலையில்லை. வலப்பக்கத் தையலில் அரை அங்குலம் இளக்கிவிட்டு, கீழே கொஞ்சம் அகலமாக விட்டால் துணி பிடியின் மேல் விழுந்து மூடிவிடும். குண்டூசி குத்திப் போட்டுப் பார்த்தோம். அவர் செய்கிற எல்லாக் கூத்தையும் செய்தார். ஒன்றும் தெரியவில்லை. மூன்று சட்டை தைக்கச் சொன்னார். லைசன்ஸ் வருமட்டும் மரத்தையே கட்டிப் பழகப்போவதாகச் சொன்னார்.

"சாமான் வந்த பிறகு பழகினால் பிந்திப்போகும்."

இனிச் சொல்லப்போவதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று அவர் போன பிறகு துணியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு அவர் யோசனை பிடிக்கவில்லை. ஒளித்து வைத்த துப்பாக்கி யாரைத் தடுக்கும்? பக்கத்து வளவுக்காரர் நாய் கட்டி வைத்திருப்பது குரைக்கத்தான், அலுமாரிக்குள் பூட்டி வைக்க இல்லை. அதோடு இவரிடம் இருக்கப்போவது வெறும் மரம். கயிறு வாங்க வந்தவன்கள் ஒருமுறை அந்த மூலையைக் கண்டால் போதும், இந்தப் பக்கமே வரமாட்டான்கள். எனக்குப் புத்தி கூடிப்போன நாள் அது. இளக்க வேண்டிய அரை அங்குலத்தை இளக்கவில்லை. அதற்கு மேல் இன்னும் அரை அங்குலத்தை உள்ளே பிடித்துத் தைத்தேன். சும்மா நின்றால் தெரியாது. வலக்கையைத் தூக்கி உயரத்திலிருந்து எதையாவது எடுத்தால் துணி இழுபட்டு, பிடியின் மூலை அச்சாகத் தெரியும்.

அவர் போட்டுப் பார்ப்பார், கண்டுபிடிப்பார் என்று எனக்குத் தெரியும். பிடிபட்டால் என்ன சொல்லலாம் என்றும் யோசித்து வைத்திருந்தேன். இதுதான் நல்லது அண்ணன், கேளுங்கள் என்று சண்டை பிடிக்கவும் ஆயத்தமாக இருந்தேன்.

அவர் வந்தார். மூன்று சட்டையையும் மடித்து நீட்டினேன். விரித்தும் பார்க்காமல் பைக்குள் வைத்தார்.

"போட்டுப் பாக்கலியா?" என்றேன்.

"நீங்கள் தைச்சதுதானே."

எத்தனையோ வருஷமாக ஒரு சாண் துணியைக்கூடக் கழுவிப் பார்க்காமல் நம்பாத மனிதர், அன்றைக்கு நம்பிவிட்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் வீதியைக் கடந்து தன் கடைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதத்துக்குள் கதை கிளம்பியது. தேத்தண்ணிக் கடையில் ஒருவன் என்னிடம் குனிந்து கேட்டான்: "நானா, வலைக்கடைக்காரர் இடுப்பில என்னமோ வைச்சிருக்கிறாராமே?" நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. கயிறு வாங்க வந்தவன்களை அதன்பிறகு காணவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். எதிர்க்கடையில் அவர் கையைத் தூக்கி வலையை இழுக்கும்போதெல்லாம், சட்டைக்குள் அந்த மூலை எழும்பி அடங்குவதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அவருக்கு வந்த ஒரே தொல்லை கோயில். வீட்டுக்குப் பக்கத்தில், அன்புவழிபுரத்தில், வெள்ளிக்கிழமைதோறும் போகிற கோயில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பழகத் தொடங்கினால் இடையில் விடக்கூடாது என்பது அவர் சட்டம். கோயிலுக்கே போகாமல் நின்றுவிடப் பார்த்தார்.

"நான் விடேல்ல நானா" என்று ஒருநாள் ரீச்சர் என் கடையில் வந்திருந்து சொன்னார். "சாமியையும் விட்டிட்டார் எண்டு சனம் கதைக்கும். வந்து வாசலிலயாவது நில்லுங்கோ எண்டு இழுத்துக்கொண்டு போறன். மனிசன் சட்டையோட வெளியில நிண்டு கும்பிடுது."

லைசன்ஸ் வரவில்லை. தரமுடியாது என்று கடிதம்தான் வந்தது. அதைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து, தானே இரண்டு முறை வாசித்தார்.

"இனி அந்த மரத்தைக் கழட்டி வையுங்க அண்ணன்" என்றேன்.

"வழக்கு முடியுமட்டும் இருக்கட்டும். அது இருந்தால் முதுகு நேராய் நிக்குது."

வழக்குத் தவணை வருவதற்கு முன் ஒரு பத்து நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் என் கடைக்கு வந்தார். நான் எதிர்ப்பக்கத்து வக்கீல். அவர் வெட்டு மேசையின் ஓரத்தைக் கூண்டு போலப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"நீங்க எவ்வளவு தூரத்தில நிண்ட நீங்க?"

"என்ர கடை வாசலில. இருபது அடி இருக்கும் ஐயா."

"அடிச்ச ஆள் இவர்தான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"அவர் என்னட்டக் கயிறு வாங்கிறவர் ஐயா."

"கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தனான் ஐயா."

ஒவ்வொரு நாளும் குரல் நடுங்கும். பதில் மட்டும் மாறாது. ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இவ்வளவு பயமிரிக்கி. பிறகு என்னத்துக்கு அண்ணன் இந்த வேல உங்களுக்கு?"

"பயமில்லாட்டி ஏன் நான் இவ்வளவுக்கு ஒத்திகை பார்க்கிறன்?" என்றார். "சின்ன வயசில இருந்தே எனக்கு எல்லாத்துக்கும் பயம் நானா. ஒருக்கால் செய்து பார்த்திட்டன் எண்டால் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்."

இத்தனை வருஷமாக நான் அவரைக் கணக்கான மனிதர், கருமி, விசர் பிடித்தவர் என்றெல்லாம் ஒவ்வொரு நேரம் ஒவ்வொன்றாக நினைத்திருந்தேன். பயந்தவர் என்று நினைத்ததே இல்லை. அன்றைக்காவது சட்டையை வாங்கித் தையலைப் பிரித்திருக்க வேண்டும். நாளைக்குச் செய்வோம், தவணைக்குப் பிறகு செய்வோம் என்று இருந்துவிட்டேன்.

தவணைக்கு மூன்று நாள் இருந்தது. காலை பத்து மணி இருக்கும். நான் ஒரு கழுத்துப்பட்டியை அழுத்திப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். மீன்பிடிக்காரர்கள் என்றுதான் நினைத்தேன். ஏதோ வலையைக் கேட்டிருக்கவேண்டும். அவர் திரும்பி, மேல் தட்டுக்கு வலக்கையைத் தூக்கினார். சட்டை இழுபட்டது. அந்த மூலை எழும்பியதை இங்கிருந்தே கண்டேன். அவன்களில் ஒருவன் ஏதோ கத்தினான். வெடிச் சத்தம் இரண்டு கேட்டது.

நான் வீதியைக் கடந்து ஓடியபோது மோட்டார் சைக்கிள் போய்விட்டது. மிதவைக் கட்டு அறுந்து, மிதவைகள் வாசல் வரைக்கும் உருண்டிருந்தன. அவர் தட்டுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். கண் திறந்திருந்தது. "அண்ணன், அண்ணன்" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது.

பிறகு வந்த பொலிஸ்காரர் ஒருவர் தரையில் கிடந்த மரத் துப்பாக்கியை எடுத்தார். நிறையைப் பார்த்துத் திகைத்தார். திருப்பினார், நகத்தால் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவரும் தட்டிப் பார்த்தார். சனம் கூடி நின்றது.

செத்த வீட்டில் அவருக்கு நான் தைத்த வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார்கள், என் மகளின் கலியாணத்துக்குப் போட்டுவந்தது. அது நன்றாகப் பொருந்தியிருந்தது. ஒரு மூலையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். ரீச்சருக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

இரண்டு பேரும் பிடிபட்டார்கள். நாலைந்து மாதம் கழித்து ரீச்சர் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். பையிலிருந்து சட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அந்த மூன்றில் ஒன்று. நீலக் கோடு போட்டது.

"தம்பிக்குக் குடுக்கப்போறன் நானா. அவன் கொஞ்சம் உடம்பு. பக்கத்தால இளக்க ஏலுமோ?"

ஏலும் என்றேன். அவர் போகவில்லை. அண்ணன் வழக்கமாக இருந்து எழும்பிப் பார்க்கும் அதே கதிரையில் இருந்தார்.

"பிடிபட்டவங்கள் சொன்னவங்களாம்... சும்மா வெருட்டிப்போட்டு வரத்தான் முதல் நினைச்சவங்களாம். 'அவரிட்டச் சாமான் இருக்குது எண்டு ஊருக்கே தெரியும், அதாலதான் நாங்களும் கொண்டு போனனாங்கள்' எண்டாங்களாம்." சட்டையின் மடிப்பை நீவிவிட்டார். "ஊருக்கு எப்பிடி நானா தெரிஞ்சது? ஓடாவியார் வாய் திறக்கிற ஆள் இல்லை. நீங்களும் சொல்லமாட்டீங்கள். வெளியில ஒரு துளியும் தெரியாது, நானா அப்பிடித் தைச்சுத் தந்திருக்கிறார் எண்டு அவர் எத்தினை தரம் சொன்னவர்."

அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். சட்டை முன்னால் கிடந்தது. தையலை விரலால் காட்டினால் போதும். அல்லாஹ் அறிய, சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"கோயிலுக்குள்ள போகாம சட்டையோட வாசல்ல நிண்டத்த எல்லாரும் பார்த்ததானே ரீச்சர். அதில ஆராவது யோசிச்சிருப்பானுகள்."

ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவர் வரமாட்டன் எண்டுதானே சொன்னவர்" என்றார். "நான்தானே இழுத்துக்கொண்டு போய் வாசலில நிப்பாட்டினனான்."

"ஐயோ, அப்பிடியில்ல ரீச்சர்..." என்றேன். அவர் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அவர் போன பிறகு தையலைப் பிரித்தேன். பிரிக்கக் கொஞ்ச நேரம்தான் எடுத்தது. உள்ளே மடிந்திருந்த துணியில் வெயிலும் படவில்லை, சவர்க்காரமும் படவில்லை; நீலக் கோடு வாங்கிய நாள் போலவே பளிச்சென்று இருந்தது. இளக்கித் தைத்தேன். முன்பு அண்ணன் கேட்டபடி, அரை அங்குலம் வெளியே.

மறுநாள் காலை ரீச்சர் வந்தார். வெள்ளிக்கிழமை, கோயில் மணி கேட்டுக்கொண்டிருந்தது. "கோயிலுக்குப் போகல்லியா?" என்று கேட்டேன். இனிப் போறேல்ல என்றார். நாளைக்குச் சொல்வோம் என்று முதல் நாள் பின்னேரம் பஸ்ஸில் போகும்போதும் அன்று காலை வரும்போதும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் சட்டையைத்தான் மடித்து நீட்டினேன்.

"விரிச்சுப் பாருங்க ரீச்சர்" என்றேன்.

அவர் விரிக்கவில்லை. அப்படியே பைக்குள் வைத்தார்.

"என்னத்துக்கு? நீங்கள் தைச்சதுதானே."